கழுகு பார்க்கிறவர்

காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் துலக்கினான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் சவரம் முடிந்துவிடும். கன்னத்தில் ஏதாவது மிச்சமிருந்தால் அது மறுநாளைக்கு. இரண்டு ரொட்டித் துண்டுகளை வாட்டினான். முன்பெல்லாம் அவித்த முட்டை சாப்பிடுவான். கழுகுக் கூட்டைப் பார்த்துக்கொண்டே முட்டை உரிப்பது சரியாகப் படாததால் விட்டுவிட்டான்.

லேப்டாப்பைத் திறந்தான். கூடு வந்தது.

எங்கோ ஓர் ஏரிக்கரையில் உயரமான மரம். அதன் உச்சியில் ஒரு கட்டில் அகலத்துக்குக் குச்சிகளை அடுக்கிக் கட்டிய கூடு. அதற்கு மேலே யாரோ ஒரு கேமராவைப் பொருத்தி, நடப்பதை நடக்கும்போதே உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெண்வயிற்றுக் கழுகுகள் இரண்டு. குஞ்சு ஒன்று. குஞ்சு பிறந்து பத்து வாரம்.

அவன் மனைவி இறந்தும் பத்து வாரம்.

"சாப்பிட்டாச்சா, மாப்பிள்ளை?" என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்டார்.

"சாப்பிட்டுட்டிருக்கேன், அத்தை."

"உங்களைக் கேக்கல. அதுங்களக் கேட்டேன்."

மாமியார் இந்த வீட்டில் இருப்பதற்கு அவனேதான் காரணம். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தான்.

கூட்டைக் கண்டுபிடித்தது மனைவி. மருத்துவமனையில் மூன்று மாதம் மல்லாந்து படுத்திருந்தவளுக்குக் கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை. போனில் தேடிக் கழுகுகளைப் பிடித்தாள். பெண் கழுகு அசையாமல் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். ஆண் கழுகு யாரும் கேட்காத சாமான்களாகக் கொண்டுவந்து குவிக்கும். குச்சி, காய்ந்த புல், ஒருமுறை யாருடைய கையுறையோ. "அப்படியே நீங்கதான்" என்பாள். அவன் அவளுக்காக மூன்று பிளாஸ்க் வாங்கிப் போயிருந்தான். மூன்றும் ஒரே அளவு.

கடைசி நாள் மதியம் முட்டையில் விரிசல் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வார்டுக்குள் சிக்னல் போய்விட்டது.

"வெளியே போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். "ஜன்னல்கிட்ட சிக்னல் வரும்."

போனான். வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நடைவழி ஜன்னலருகே, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆண் கழுகு ஒரு குச்சியோடு வந்து இறங்கியது. கூட்டை விட நீளமான குச்சி. இங்கே வைத்துப் பார்த்தது, அங்கே வைத்துப் பார்த்தது. எங்கும் பொருந்தாததால், கடைசியில் அதைப் பெண் கழுகின் முதுகின் மேலேயே வைத்துவிட்டு, வேலை முடிந்த திருப்தியோடு ஏரியைப் பார்த்து நின்றது. பெண் கழுகு குச்சியைச் சுமந்தபடி அதை முறைத்தது.

அவன் சிரித்தான். சத்தமாகவே சிரித்தான். அவளிடம் சொல்ல வேண்டும் என்று உள்ளே ஓடினான். நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எல்லாரும் அவனிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள்?

அவனிடம் அவள் கடைசியாகச் சொன்னது, ஜன்னல்கிட்ட சிக்னல் வரும். அதை யாரிடம் சொல்வது? சொன்னால், ஏன் வெளியே போனாய் என்பார்கள். போய் என்ன செய்தாய் என்பார்கள். சிரித்தேன் என்று சொல்ல வேண்டிவரும்.

மாமியார்தான் முதலில் கேட்டார், போனில். மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை குரல் உடைந்தபோது அவன் சொன்னான்:

"'அம்மாவைப் பாத்துக்கோங்க'ன்னு சொன்னா, அத்தை."

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் அவனுக்கு வேலை. எழுதிக்கொடுத்ததும் அச்சானதும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஏழு வருடத்தில் ஒரு கமாவைக்கூடத் தன் இஷ்டத்துக்கு மாற்றியதில்லை. அப்படிப்பட்டவன் மனைவியின் வாயில் ஒரு முழு வாக்கியத்தை வைத்தான்.

நான்காம் நாள் மாமியார் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். "பாத்துக்கச் சொல்லியிருக்காளே. நான் அங்க இருந்தா நீங்க எப்படிப் பாத்துப்பீங்க?" என்றார். வந்தவர் அவனைத்தான் பார்த்துக்கொண்டார். துவைத்தார், சமைத்தார், காலுறைகளை ஜோடி சேர்த்தார். படுக்கப் போகுமுன் அந்த வாக்கியத்தை ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சொன்ன பிறகுதான் தூக்கம் வரும். சுவருக்கு இந்தப் பக்கம் அது அவனுக்குக் கேட்கும்.

அடுத்தது மச்சான், அவளுடைய அண்ணன். கல்யாணத்துக்கு வராதவர். தங்கையோடு இரண்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. மருத்துவமனைக்கு இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று தள்ளிப்போட்டு, வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி, தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"'அண்ணன் மேல எனக்குக் கோபமே இல்ல'ன்னு சொன்னா. அதுதான் கடைசியா சொன்னது" என்றான்.

அன்று அழுதுவிட்டுப் போனவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டூல் பெட்டியோடு வந்தார். தங்கை வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டுமாம். ஒழுகாத குழாயைக் கழற்றிப் பூட்டினார். அது ஒழுக ஆரம்பித்தது. அதைச் சரிசெய்ய மறு ஞாயிறு வந்தார். பிறகு கதவில் கை வைத்தார். அது சாத்திக்கொள்ளவில்லை. சரிசெய்ய இன்னொரு ஞாயிறு. பத்து வாரத்தில், திறந்தால் மூடாததும் மூடினால் திறக்காததுமாக அந்த வீடு புதுசாகிவிட்டது.

மூன்றாவது மேனேஜர். ஒரு நாள் பின்னால் வந்து நின்று, அவன் திரையில் மருந்துத் தாளுக்குப் பதிலாகக் கழுகு இருப்பதைப் பார்த்துவிட்டார். ஆபீஸ் நேரத்தில் இது என்ன என்றார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பொய் பழகியிருந்தது.

"என் மனைவி கடைசியா சொன்னது, சார். 'கூட்டைப் பாத்துக்கோங்க'ன்னு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் ஹாலில் பெரிய திரை மாட்டப்பட்டு அதில் கூடு ஓடியது. ஆபீஸ் முழுக்கக் கழுத்தைத் திருப்பி உட்கார்ந்தது. குஞ்சு இரை விழுங்கினால் கைதட்டினார்கள். டைப் செய்கிறவர் ஒரு கையால் தாளையும் மறு கையால் தன் வீட்டுக்குக் கழுகுச் செய்திகளையும் டைப் செய்தார். அப்படித்தான் ஓர் இருமல் மருந்தின் தாளில், பக்க விளைவுகள் என்ற தலைப்புக்குக் கீழே, 'அப்பா பெரிய மீன் கொண்டுவந்தார்' என்று ஏறிவிட்டது. சரிபார்க்க வேண்டியவன் அந்த வரியைப் படித்தான். கொண்டுவந்தது உண்மைதான் என்பதால் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

மிஷினில் ஏறிய பிறகு யாரோ கண்டுபிடித்து நிறுத்தினார்கள். அவன் வேலை போகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மேனேஜர் திட்டவில்லை. தோளில் கை வைத்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

ஞாயிறு வந்தது. மச்சான் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார். மாமியார் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் லேப்டாப்பில் கூடு. குஞ்சு கூட்டின் ஓரத்தில் நின்று, பறக்கலாமா வேண்டாமா என்று சிறகை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தது.

மேனேஜர் மார்போடு அணைத்தபடி ஒரு பெரிய பிரேமைக் கொண்டுவந்து மேஜைமேல் சாய்த்து வைத்தார். கழுகின் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'கூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை.'

மாமியார் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார்.

"இல்லையே. கடைசியா என்னைப் பாத்துக்கச் சொன்னா" என்றார்.

தொட்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அது முன்னாடி சொல்லியிருப்பா, அம்மா. கடைசியா சொன்னது என்னைப் பத்தி."

"உன்னைப் பத்தி என்னடா?"

"கோபம் இல்லைன்னு."

"ரெண்டு வருஷம் எட்டிப் பாக்காதவனைப் பத்தியா கடைசியில பேசுவா? பெத்தவளை விட்டுட்டு?"

மச்சான் வெளியே வந்தார். முகத்தில் அழுக்கு, கையில் ஸ்பேனர். மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வரிசை சொன்னான். முதலில் அண்ணன், பிறகு கூடு, அதற்குப் பிறகு அம்மா. மச்சான் முகம் விழுந்தது. உடனே மாற்றினான், மூன்றும் ஒரே மூச்சில் சொன்னாள் என்று. மூச்சே விட முடியாமல் கிடந்தவள் எப்படி ஒரே மூச்சில் அவ்வளவு சொல்வாள் என்று மாமியார் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தெரிஞ்சுக்க வழி இருக்கு" என்றார் மாமியார். "பக்கத்துக் கட்டில்ல ஒரு தையல்காரம்மா இருந்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவளைப் பாக்க வந்தப்ப நம்பர் வாங்கி வெச்சிருக்கேன்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நம்பரைக்கூட வாங்காமல் இறங்காதவர் அவர். தேடி எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாம், அத்தை."

"ஏன் வேண்டாம்?"

மணி அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நிமிடம் எல்லாம் போய்விடும். மாமியாரின் தூக்கம், மச்சானின் ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். மூன்றாம் மனுஷி வாயிலிருந்து கேட்பதை விட அவனே சொல்லிவிடலாம்.

"நான் சொன்னது எதுவும் நிஜம் இல்ல, அத்தை. அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. நான் அங்க இல்ல. வெளியே நின்னு கழுகு பாத்துட்டிருந்தேன்."

போனில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"சிரிச்சிட்டிருந்தேன்" என்றான்.

மச்சான் ஸ்பேனரைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தார். மேனேஜர் பிரேமை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். மாமியார் மட்டும் அப்படியே நின்றார். தூங்குவதற்கு முன் சொல்லிக்கொள்ள இனி ஒன்றும் இல்லாத முகம் அது.

"அலோ, யாருங்க?" என்றது போன்.

மச்சான்தான் குனிந்து, இன்ன வார்டு, இன்ன கட்டில் என்று விளக்கினார்.

"அட, கழுகு பாக்கிறவர் வீடா? அவர் இருக்காரா பக்கத்துல?"

"இருக்கேங்க" என்றான்.

"உங்ககிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும், தம்பி. நீங்க நின்ன நிலையில உங்ககிட்ட வர எனக்குத் தைரியம் இல்ல. மறுநாள் என்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிட்டாங்க. எந்திரிச்சு வந்து விசாரிச்சா உங்க நம்பர் யார்கிட்டயும் இல்ல. அம்மாகிட்ட என் நம்பர் இருக்கே, என்னைக்காவது கூப்பிடுவாங்கன்னு இருந்தேன்."

எதை என்று கேட்க வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு. தையல்காரம்மா அவராகவே சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெண் அன்று கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடியே படுத்திருந்ததாம். அப்படி என்னதான் தெரிகிறது என்று இவரும் தலையைத் தூக்கிப் பார்த்தாராம். தூரத்தில் ஓர் ஆள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் தெரிந்ததாம்.

"திடீர்னு மூச்சு ஒரு மாதிரி இழுத்துச்சு, தம்பி. நான் நர்ஸுக்கு மணி அடிச்சேன். உங்களையும் கூப்பிடலாம்னு கட்டிலை விட்டு இறங்கினேன். அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சு நிறுத்திடுச்சு."

"என்ன சொன்னா?" என்று மாமியார் கேட்டார். முதல் நாள் போனில் கேட்ட அதே குரல்.

"'கூப்பிடாதீங்கக்கா. இப்பதான் சிரிக்கிறாரு.'"