இடது செருப்பும் ஒரு சோடா பாட்டிலும்

காலிபாட்டில் அண்ணாச்சியைப் போலச் சந்தேகப்பட இன்னொருவர் பிறந்துதான் வர வேண்டும். சொந்த நிழலையே, 'இவன் எதுக்குப் பின்னாலேயே வாறான்?' என்று திரும்பிப் பார்க்கிற மனுஷன். திருநெல்வேலிக்காரர். தொண்ணூறுகளின் கடைசியில், தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே, என் ஆபீசுக்குக் கீழே சோடா, கலர் கடை வைத்திருந்தார்.

அப்போதெல்லாம் கண்ணாடி பாட்டில்தான். இருபத்துநாலு காலி பாட்டில் கொடுத்தால்தான் லாரிக்காரர் நிறைந்த பெட்டியை இறக்குவார். ஒன்று குறைந்தாலும் இறங்காது. அதனால் நாம் குடித்து முடிக்கும்வரை அண்ணாச்சி நம் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். பாட்டிலோடு கடையை விட்டு நகர வேண்டுமென்றால் இடது செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும்.

"அட்வான்ஸ் வாங்குனா, காசை விட்டுட்டு ஓடிருவானுவ. ஒத்தச் செருப்போட எவம்லே ஓடுவான்?"

ஒரு போலீஸ்காரர் பூட்ஸைக் கழற்றச் சோம்பல்பட்டு, தொப்பியை வைத்துவிட்டுப் போனார்.

ஒருநாள் கம்பெனி ஆள் பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தார். "குடிச்சிட்டு தூக்கிப் போட்டுரலாம் அண்ணாச்சி. திருப்பித் தரவே வேண்டாம்."

அண்ணாச்சி அதை முகர்ந்தார், அமுக்கினார், காதருகே வைத்து ஆட்டினார். "திருப்பிக் கேக்காம எவனாவது ஒண்ணைக் குடுப்பானா? இதுல என்னமோ வில்லங்கம் இருக்கு. கொண்டு போம் வேய்!"

அந்த வாரச் சனிக்கிழமைதான் கர்ப்பிணியான என் மனைவியை நாகர்கோவிலுக்கு, அவள் அம்மா வீட்டுக்கு ரயில் ஏற்றினேன். உட்கார்ந்ததும் குமட்டுகிறது, சோடா வேண்டும் என்றாள். ஓடினேன்.

"அண்ணாச்சி, வண்டி கெளம்பப் போவுது!"

"செருப்பு?"

கழற்றி எறிந்தேன். ஜன்னல் வழியே சோடாவைக் கொடுத்ததும் வண்டி நகர்ந்துவிட்டது. மனைவி போவதற்குக் கவலைப்படுவதா, பாட்டில் போவதற்குப் பயப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே திரும்பினேன்.

"திங்கக்கிழமை கொண்டாந்துருவேன் அண்ணாச்சி."

"எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான்" என்று என் செருப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் போய், பாட்டிலைத் துண்டில் சுற்றித் திங்கள் காலை கொண்டுவந்து நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாய் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். அப்புறம்தான் செருப்பு வந்தது. அதை மாட்டக் குனிந்தபோது பார்த்தேன், அண்ணாச்சி வெறுங்காலோடு நின்றிருந்தார்.

"ஒங்க செருப்பு எங்க அண்ணாச்சி?"

"வேலையப் பாரும்."

அதற்குள் லாரி வந்து நின்றது. அதன் பக்கக் கண்ணாடியில் ஒரு ஜோடிச் செருப்பு தொங்கியது. டிரைவர் மலையாளி. "குப்பி வந்தல்லோ அண்ணாச்சி! இந்தா, செருப்பு" என்று அவிழ்த்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சனியாழ்ச்ச ஒரு குப்பி குறைவு. பெட்டி தரமாட்டேன்னு ஞான் பறஞ்சு. 'அவன் வருவான்டே, அதுவரை இதப் பிடி'ன்னு ரெண்டு செருப்பையும் ஊரித் தந்நு."

அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலி பாட்டில்களை மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இப்போது பெரிய கம்பெனிகள், பாட்டிலைத் திருப்பி வாங்கிக் கழுவி நிரப்புவதை என்னமோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரிப் பேசுகின்றன. நான் குடித்த பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு இரண்டு செருப்போடும் நடந்து போகிறேன். அண்ணாச்சி மாதிரி யாராவது என்னைச் சந்தேகப்பட மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது.