குலத்து வாடிக்கையாளர்கள்

ஹனோவர்,
பங்குனி 2008

கனடாவில் சீருடையும் தொப்பியுமாக விளங்கும் மச்சான் இராசலிங்கத்துக்கு,

இங்கு நானும் உம்முடைய தங்கை சிவமலரும் நல்ல சுகம். அங்கு நீரும் கலாதேவியும் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

நீர் காவல் வேலை பார்க்கும் காசினோவின் படம் கிடைத்தது. அது பூர்வீகக் குடிகளின் நிலம், அந்தக் குலத்தார் அரசாங்கத்தோடு சரிசமமாக இருந்து ஒப்பந்தம் பேசி நடத்துகிறார்கள் என்று எழுதி, "உங்கட ஜேர்மனியில ஒரு கால்பந்துப் பந்தயம் பிடிக்கவும் வழியில்லையாமே?" என்று கேட்டிருந்தீர். சுட்டது மச்சான். ஏனென்றால் உண்மைதான். தை மாதம் வந்த புதுச் சட்டத்தின்படி பந்தயம் பிடிப்பது அரசுக்கு மட்டுந்தானாம். என் கடை மூலையில் இருந்த பந்தய மேசையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பந்தயம் கட்ட வருகிறவன்தானே போகும்போது அரிசியும் கருவாடும் வாங்குவான்? மேசை போனால் கடையும் போகும் என்று நித்திரையில்லாமல் கிடந்தேன்.

அப்போதுதான் உம்முடைய கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். ஜேர்மன் மொழியில் குலத்துக்கு 'ஷ்டம்' என்பார்கள். வழக்கமாக வருகிற வாடிக்கையாளனுக்கு 'ஷ்டம்குண்ட'. குலத்து வாடிக்கையாளன்! இவ்வளவு காலம் வாயால் சொல்லித் திரிந்த சொல், அன்றுதான் மூளைக்கு எட்டியது. என்னிடம் வருகிற எல்லாரும் ஷ்டம்குண்ட; ஆகவே நாங்களும் ஒரு ஷ்டம்; ஆகவே எங்களுக்கும் தனி ஒப்பந்தம் வேண்டும் என்று நகரசபைக்கு எழுதிப் போட்டேன்.

"இஞ்சாருங்கோ, விசரன் எண்டு கடையையும் பூட்டப்போறாங்கள்" என்றாள் சிவமலர்.

"அது அவங்கட சொல்லப்பா. நானோ கண்டுபிடிச்சனான்?"

ஒரு அதிகாரியம்மா நேரே கடைக்கு வந்துவிட்டா. "உங்கள் குலம் இந்த அரசுக்கு முன்பே இங்கே இருந்ததா?" என்று கேட்டா.

"அரசுக்கு முன்னம் இல்லை அம்மா. இந்தச் சட்டத்துக்கு முன்னம் இருந்தது."

சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தா மச்சான்! ஆனால் மேசை போகத்தான் வேண்டும் என்றும் சொல்லிப்போட்டா. நான் விடுவேனோ? "அப்ப அந்த இடத்தில என்ன வைக்கலாம்?" என்றேன். "சாப்பாடு வைக்கலாமே."

சரியென்று ஆட்டிறைச்சி ரோல்ஸ் வைத்தேன். ஒருத்தனும் என்னை விட்டுப் போகேல்லை. அதே கதிரை, அதே கத்தல், கருவாடு முன்னையிலும் பார்க்க நல்லா ஓடுது. அதிகாரியம்மாவும் வெள்ளிக்கிழமை தவறாமல் வாறா, அவவும் இப்ப எங்கட குலம். உம்முடைய காசினோவோடு அரசாங்கம் ஒப்பந்தம்தான் போட்டது. என் கடையில் அரசாங்கமே வரிசையில் நிக்குது! சூது ஒரு துளியும் இல்லாத கடை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவன்.

உம்முடைய தொப்பி நிலைக்கவும், கலாதேவியின் முழங்கால் நோ மாறவும் வாழ்த்தும்,
அன்பு மச்சான்
அரியரத்தினம்

பி.கு: அண்ணை, இது சிவமலர், ஒட்ட முன்னம் எழுதுறன். இந்தக் கடிதத்துக்கு நீங்கள் வருசப் பிறப்புக்கு முதல் பதில் போடுவியளோ எண்டு கடைக்குள்ள பந்தயம் நடக்குது. கட்டுறது ரோல்ஸ். ரோசத்தில உடன எழுதுவியள் எண்டு இவர் கட்டியிருக்கிறார். அண்ணைக்குப் பேனை பிடிக்கப் பஞ்சி, எழுதமாட்டியள் எண்டு நான் மற்றப் பக்கம். அதிகாரியம்மாவும் என்ர பக்கந்தான், ரண்டு ரோல்ஸ். தங்கச்சியை நினைச்சுப் பேசாமல் இருங்கோ.