பீரோச் சாவியும் பெட்டிச் சாவியும்

என் உடன்பிறந்த தங்கைக்கு, கையெழுத்தே போடத் தெரியாத உன் அண்ணன் சொல்லச் சொல்ல, மாடி வீட்டுத் தையல்காரர் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். அங்கே உன் மகள் வீட்டில் உன் வாயைத் தவிர எல்லாம் ஓய்வாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நீ போய் நாற்பத்தொரு நாள். அன்று பேசியது ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. நீ எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நகைக்கடைக் காவலுக்காக உரிமம் எடுத்து வாங்கிய ரிவால்வரை நான் அதே மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். "உள்ள குண்டு இருந்தா?" என்றாய். "இல்லைன்னா இல்ல. என் ஞாபகத்தையா சந்தேகப்படுறே?" என்றேன். "அது இருக்கிற வீட்டுல இனி ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று பையைத் தூக்கிவிட்டாய்.

நீ போன பிறகு உனக்காகத்தானம்மா இத்தனையும் செய்தேன். பயிற்சி வாத்தியார் முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் சொன்னது அப்படியே மனப்பாடம்: குழல் ஆளைப் பார்க்கக் கூடாது, சுடும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது, எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும், துப்பாக்கி ஓரிடம் தோட்டா வேறிடம். ஆகவே ரிவால்வரைப் பீரோவிலும் தோட்டா டப்பாவைத் தகரப் பெட்டியிலும் வைத்தேன், பெட்டிச் சாவி வெளியே கிடந்தால் ஆபத்து என்று அதைப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டினேன், பீரோச் சாவி மட்டும் வெளியே கிடக்கலாமா என்று அதைப் பெட்டிக்குள் போட்டு, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பூட்டை அழுத்தினேன். 'டக்'கென்று சத்தம் கேட்ட பிறகுதான் புத்தி வந்தது.

பூட்டுக்காரர் வந்தார். "பீரோவுல என்ன பெரியவரே, நகையா?"

"ரிவால்வர்."

"பெட்டியில?"

"தோட்டா."

"சாவிங்க?"

"அதுல இதோடது, இதுல அதோடது."

"ஆளை விடுங்க சாமி, போலீசு இல்லாம நான் கை வைக்க மாட்டேன்" என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிவிட்டார். ஸ்டேஷனுக்குப் போனால் கான்ஸ்டபிள், "தாத்தா, இவ்வளவு பத்திரமா நாங்களே வெச்சதில்ல. நாளைக்கு வர்றேன்" என்கிறார்.

யோசித்துப் பார். சொந்தக்காரனாலேயே எடுக்க முடியாத ரிவால்வர் வேறு எந்த வீட்டில் இருக்கிறது? வாங்கிய தோட்டா பன்னிரண்டு, பயிற்சியில் சுட்டது ஏழு, மீதி ஐந்தும் டப்பாவில். திறந்து எண்ண வேண்டியதே இல்லை, என் தலைக்குள் இருக்கிறது கணக்கு. ஆகவே அதைக் கொடுத்துவிடச் சொல்லாதே, கொடுக்க மாட்டேன். வீம்பை விட்டுவிட்டு வா.

உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. பேத்திக்குப் பல் வலிக்காமல் முளைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் (கைநாட்டு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் கான்ஸ்டபிள் பூட்டுக்காரரோடு வந்துவிட்டார். பெட்டி திறந்தது. டப்பாவில் தோட்டா நான்கு. நானே மூன்று முறை தொட்டு எண்ணினேன், நான்குதான். பிறகு கான்ஸ்டபிள் பீரோவைத் திறந்து, குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ரிவால்வரைப் பிரித்துக் காட்டினார். ஐந்தாவது உள்ளே இருந்தது. நீ சாப்பிட உட்காரும் நாற்காலியைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். ரிவால்வர், தோட்டா, உரிமம் மூன்றையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு இப்போதுதான் வந்தேன். முதலிலிருந்து திருத்தி எழுதச் சொன்னால் தையல்காரர் கை வலிக்கிறது என்கிறார். அதனால் மேலே இருப்பதில் 'வா' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் நீயே அடித்துவிடு.