முறுக்கு டின்னும் என் அழற்சியும்

ஸ்ரீரங்கம்,
வெள்ளிக்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் முருகானந்தம் அவர்களுக்கு அத்தான் அழகர்சாமி எழுதிக்கொண்டது.

இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். என் ரத்தம் இடம் கொடுக்கவில்லை. மணப்பாறையில் நீங்களும் தங்கை ஜோதியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால் கடிதம். மாதாமாதம் பஸ்ஸில் கொடுத்தனுப்பும் முறுக்கு டின்னை இனி அனுப்ப வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். போன மாதம் கைலாசபுரத்தில் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் மருத்துவ முகாம் நடந்தது. நானும் உங்கள் அக்கா ஆனந்தவள்ளியும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. திறந்தால் மேலே என் ஸ்டாஃப் நம்பர். முப்பத்தாறு வருஷம் ஃபேக்டரியில் என் பெயரை விட அந்த நம்பரைத்தான் அதிகம் கூப்பிட்டிருக்கிறார்கள். கீழே சி.ஆர்.பி. என்று ஒன்று, உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் அளவாம், இருபத்திரண்டு. ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். அடுத்த ஞாயிறு சங்கத்தில் பேச வந்த டாக்டர் மஹ்ஜபீனிடம், கூட்டத்தில் எழுந்து நின்றே கேட்டுவிட்டேன்.

“ஐயா, கால்ல அடிபட்டா வீங்குதுல்ல, அது உடம்பு தன்னைக் காப்பாத்திக்கிற வேலை. நாலு நாள்ல அடங்கிடும். அப்படி அடங்காம உள்ளயே நீறு பூத்த நெருப்பா கிடந்தா, அதுதான் நாள்பட்ட அழற்சி. மூட்டைத் தின்னும், ரத்தக்குழாயைக் கெடுக்கும், இதயம் வரைக்கும் போகும். ஆனா ஒரு நம்பரை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க” என்றார்கள்.

நேரில் போவதெல்லாம் புரியாதவர்களுக்கு. எனக்குத்தான் புரிந்துவிட்டதே. அன்றே சர்க்கரை, மைதா, பொரித்தது மூன்றுக்கும் வீட்டில் தடை போட்டேன். காலை ஐந்தரைக்கு மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம், பதினொன்றுக்கு நெல்லிக்காய்ச் சாறு, பொழுது சாய்ந்தால் கேழ்வரகு அடை. தூக்கம் முக்கியம் என்று டாக்டர் பேச்சில் வந்ததால் மதியம் இரண்டு மணி நேரம் படுத்தேன், படுத்தால் மிக்ஸி சத்தம் காதைக் குடைகிறது, மனஅழுத்தமும் அழற்சிக்கு ஆகாதாம், ஆகவே மிக்ஸிக்கும் தடை, உங்கள் அக்கா கொல்லையில் கிடந்த அம்மியைக் கழுவி அதில் அரைக்க ஆரம்பித்தாள், அதுவும் கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறது என்றதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாயங்காலம் சித்திரை வீதியை ஒரு சுற்று நடை. நான் முன்னால், அவள் எங்கோ பின்னால். “வியாதிக்காரனே நடக்குறேன், உனக்கு என்ன கேடு” என்றால், ஒரு பூக்கடைப் படியில் உட்கார்ந்து, “நீங்க சுத்திட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்” என்கிறாள்.

இவ்வளவு பெரிய வியாதிக்கு வீட்டில் அனுதாபமே இல்லை. நான் அழற்சி என்றால் அவள் விரல் என்கிறாள். காலை பத்து மணி வரை விரல் மடங்கவில்லையாம்; கஷாய டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டு வருகிறாள். “வயசானா அப்படித்தான், எனக்கு வந்திருக்கிறதைப் பாரு” என்று தைரியம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கடைசியாக அனுப்பிய டின் மூடிய மூடியோடு அலமாரியில் இருக்கிறது. அவளும் தொடவில்லை. என் பத்தியத்துக்கு அவள் காட்டும் மரியாதை என்று ஒருநாள் கண்கூடக் கலங்கிவிட்டது.

பயமாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் தனியாக என்ன செய்வாள் என்பதே கவலை.

ரங்கநாதர் புண்ணியத்தில் உங்கள் வீட்டில் எல்லோர் ரத்தமும் அமைதியாக ஓடட்டும். பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசிகளும்.

இப்படிக்கு,
உள்ளே நெருப்போடு நடமாடும்
அழகர்சாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பெங்களூரிலிருந்து மகள் சுபஸ்ரீ வந்துவிட்டாள். போனை வாங்கிப் பார்த்தாள். “அப்பா, நம்பருக்குப் பின்னாடி கோடு போட்டு ரெண்டுன்னு இருக்கே, இது அம்மாவோடது. உங்களது இதுக்குக் கீழ இருக்கு. நீங்க திறக்கவே இல்லை.” எங்கள் மருத்துவ அட்டையில் ஊழியர் ஒன்று, மனைவி இரண்டு. முப்பத்தாறு வருஷமாகத் தெரிந்ததுதான். நம்பர் என்னுடையது என்றதும் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். என் அளவு ஒன்றுக்கும் கீழே. இருபத்திரண்டு உங்கள் அக்காவுக்கு.

“இருபத்தொரு நாளா உன் கஷாயத்தை நான் குடிச்சிருக்கேன்” என்றேன் உங்கள் அக்காவிடம். “போகட்டும், ஒருத்தருக்காவது கேட்டுச்சே” என்றாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. திங்கட்கிழமை டாக்டர் மஹ்ஜபீனை நேரில் பார்க்கப் போகிறோம். இந்த முறை அவள் முன்னால், நான் பின்னால். அம்மி இப்போது என் பொறுப்பு. முறுக்கை நிறுத்த வேண்டாம். ஆனால் டின்னில் அனுப்பாதீர்கள், பையில் போட்டுக் கட்டி அனுப்புங்கள். பத்தியத்துக்கு மரியாதையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மூடியை அவளால் திறக்க முடியவில்லையாம்.