சம்பந்தியை மறித்த அரச காவலன்

ஷ்லீரன், சுவிஸ்
23.11.1997

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி குகதாசன் அவர்களுக்கு,

நாங்கள் நலம். வில் நகரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்கவும், தங்களைப் பிடித்த சளித் தடிமன் விரைவில் மாறவும் நல்லூரானை வேண்டுகிறேன்.

கலியாணத்தன்று மண்டப வாசலில் தங்களை மறித்தவர் நான் கூப்பிட்ட ஆள்தான். ஆனால் கூப்பிட்டதே தங்களுக்கு மரியாதை செய்யத்தான். என் கூட்டாளி இரவீந்திரன் தன் மகளின் கலியாணத்துக்கு வாடகைக்குக் குதிரை பிடித்தான். நான் அவனுக்குக் குறைந்தவனா? நான் வேலைசெய்யும் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற சுவிஸ்காரர் ஹெர் ஹூபர், ஊர் விழாக்களில் பழைய அரச காவலர் உடுப்போடு, இரும்புத் தொப்பியும் ஈட்டியுமாக ஊர்வலம் போகிறவர். தாங்கள் வரும்போது ஒரு சல்யூட் அடிக்கச் சொன்னேன். மனைவி ஜெயமலர் அப்போதே, "உங்களுக்கேன் இந்த விசர் வேலை? வெள்ளைக்காரன் எழுதினதை எழுதினபடி செய்வான்," என்றாள். கேட்டேனா?

அந்த மனுசன் அழைப்பிதழில் பத்து மணி என்றிருந்ததைப் பத்து மணி என்றே விளங்கிக்கொண்டார். நம்மில் யாராவது அப்படி விளங்குவோமா? பிந்தி வருபவரை விடுவது காவலுக்கு அழகல்ல என்று பத்துக்குக் கதவைப் பூட்டியபோது உள்ளே மணமக்களும் ஐயரும் சமையல்காரரும் நாங்கள் இருவரும்தான். முந்நூறு பேர் வெளியே. தாங்கள் கூறைத்தட்டமும் தாலிக்கொடியுமாகப் பனியில். "அவர் மாப்பிள்ளையின் அப்பா, விடுங்கள்" என்று ஹெர் ஹூபரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவரோ ஈட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு சரித்திரம் சொல்லத் தொடங்கினார். 1792இல் பரிஸ் அரண்மனையில் ராசா வெளியேறிப் போன பிறகும் சுவிஸ் காவலர்கள் வாசலை விடாமல் நூற்றுக்கணக்கில் செத்தார்களாம். இன்று பாப்பரசருக்கு மட்டும்தான் அந்தக் காவல் மிச்சமாம். அங்கேயும் சுற்றுலாக்காரர் படம் பிடிக்க நிற்பதே பாதி வேலையாம். உண்மையாக ஒருவரை மறிக்க எழுபது வருசம் காத்திருந்தேன் என்று கண் கலங்கினார்.

ஐயர், "முகூர்த்தம் போகுது," என்று கத்தியபிறகுதான் ஹெர் ஹூபர் கொஞ்சம் இரங்கினார். ஆட்களுக்குத்தான் தடை, பொருட்களுக்கு இல்லையாம். தாலிக்கொடி ஈட்டி முனையில் தொங்கியபடி யன்னலால் வந்ததையும், தாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று அட்சதை எறிந்ததையும் வீடியோவில் பார்த்து நான் அழுதேன்.

"அந்த வீட்டுப் பெட்டை என்ரை வாசல் மிதிக்கக்கூடாது" என்று தாங்கள் சொன்னது மகள் வேணுகாவுக்கு எட்டிவிட்டது. பிள்ளை சாப்பிடுகிறாள் இல்லை, ஒரே அழுகை. குற்றம் என்னுடையது, கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறு மணமக்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடுங்கள். அந்தக் கதவு தங்களுக்கு எந்நேரமும் திறந்திருக்கும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். முருகன் துணை.

தங்கள் மன்னிப்பை நாடும்
பாலேந்திரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வேணுகா வீட்டுக்குப் போனேன். கதவடியில் ஹெர் ஹூபர் நிற்கிறார். மாப்பிள்ளை பானுஜனும் வேணுகாவும் சேர்ந்துதான் கூப்பிட்டார்களாம். இரண்டு வீட்டுப் பெற்றோரும் முன்கூட்டியே டெர்மின் எடுத்து, நேரம் குறித்து வந்தால்தான் உள்ளே போகலாமாம். ஒரு மணித்தியாலம் மாடிப்படியில் இருந்தேன். உள்ளேயிருந்து கோழிக்கறி வாசமும் வேணுகாவின் சிரிப்பும் வந்தன. ஞாயிறு கட்டாயம் வாருங்கள், சம்பந்தி. படியில் இரண்டு பேர் இருக்க இடமிருக்கிறது.