நிறுத்தியாச்சு என்று சொன்ன இரண்டு மாத்திரைகள்

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாய் இருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இல்லாவிட்டாலும் படித்து முடிக்கும்வரை நலமாய் இரு.

போன வாரம் போனில், "அண்ணே, பல்லு பிடுங்கணும். ஸ்டென்ட்டுக்குத் தர்ற மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்று கேட்டாய். நானும் வைத்தியம் படித்தவன்போல, "நிறுத்திடு, நானும் நிறுத்தியாச்சு" என்றேன். அந்தப் பதிலை அடித்துவிடு. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் கடிதம்.

என் பித்தப்பைக் கல்லை எடுக்க வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். முப்பத்து நான்கு வருடம் பாடத்தை முதல் நாளே தயார் செய்தவன் இல்லையா, டாக்டர் சொல்வதற்கு முன்பே, என் இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட்டுக்காக, ரத்தம் உறையாமலிருக்கத் தந்த இரண்டு மாத்திரைகளையும் ஐந்து நாளுக்கு முன்னாலேயே நிறுத்தும்படி உன் அண்ணிக்கு உத்தரவு போட்டேன். அவளும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனா அப்படியே நின்றது.

"ஸ்டென்ட் வச்சு எவ்வளவு நாளாச்சு சார்?"

"மூணு மாசம்."

"யாரு நிறுத்தச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. நானே முன்கூட்டியே..."

"வீட்டுப்பாடமா சார் இது?"

உடனே இதய டாக்டரும் அறுவை டாக்டரும் வந்து, என் கால்மாட்டில் நின்று விவாதித்தார்கள். எனக்குப் புரிந்தது இதுதான்: வகுப்புக்குப் புதிதாக ஒருவன் வந்தால் எல்லாரும் அவன் பெஞ்சைச் சுற்றிக் கூடுவார்களே, ரத்தமும் புது ஸ்டென்ட்டைச் சுற்றி அப்படித்தான் கூடுமாம். கூடினால் குழாய் அடைத்து மாரடைப்பு. கூடவிடாமல் விரட்டுவது அந்த மாத்திரைகள். அறுவை என்றால் ரத்தம் இன்னும் வேகமாகக் கூடுமாம். சில மாதம் போனால் புதியவனும் வகுப்பில் ஒருவனாகிவிடுவான்.

"கல்லு இப்ப தொந்தரவு பண்ணலை. ஓடியும் போயிடாது. மூணு மாசம் கழிச்சு வாங்க, எடுத்துக் கையிலயே தர்றேன்" என்றார் அறுவை டாக்டர். அப்போதும் ஒரு மாத்திரை தொடருமாம். மற்றதை எத்தனை நாள் விடுவதென்று இதய டாக்டர்தான் சொல்வாராம். ஈசிஜி சுத்தமாக இருந்ததை என் ஒழுங்கான வாழ்க்கைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டேன்.

நீயும் வீட்டாரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உன் அண்ணன்.

பின்குறிப்பு: உன் அண்ணி இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "அஞ்சு நாளும் கொடுத்துக்கிட்டுதான் இருந்தேன். கையில வைக்கிறதை எண்ணிப் பார்த்து முழுங்குற ஆளா நீங்க?" டாக்டரம்மாவிடமும் அன்றே சொல்லிவிட்டாளாம். ஆகவே நான் எதையும் நிறுத்தவில்லை. ஆனால் நீ உன் மாத்திரையை நீயே எடுத்துப் போடுகிறவன். இதைக் கீழே வைத்ததும் உன் இதய டாக்டருக்குப் போன் செய்து, ஸ்டென்ட் வைத்த தேதியையும் பல் பிடுங்கும் தேதியையும் சொல்லிக் கேள். அவர் சொல்லும்வரை ஒரு மாத்திரையையும் விடாதே.