அந்தத் தாய் இறந்தாளா, இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒரு திருத்தம். தாங்கள் விமர்சனம் வெளியிட்ட அந்த நடனப் படத்தின்போது நான் தூங்கிவிட்டதாக என் மகள் எல்லோரிடமும் சொல்லிவருகிறாள். நான் தூங்கவில்லை. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். பொது இடத்தில் நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. படம் பார்த்துவிட்டு வந்தவர் சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்குக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். என் கணவர் இருந்த காலத்திலிருந்தே அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அன்றும் மகள் வீட்டில் எல்லோரும் தட்டோடு காத்திருந்தார்கள். நான் தொடங்கினேன். கதாநாயகன் ஆடினான், தாய் மருத்துவமனையில் படுத்தாள், செவிலியர்கள் ஆடினார்கள், மழை வந்தது, எல்லோரும் உடை மாற்றிக்கொண்டு ஆடினார்கள், மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார், தாயின் முகத்தைத் துணியால் மூடினார்கள், காதலியைப் பார்த்துச் சிரித்த அதே முகத்தோடு கதாநாயகன் அழுதான், கடைசிப் பாட்டில் தாய் மூன்றாவது வரிசையில் ஆடினாள்.

மருமகன் கரண்டியைக் கீழே வைத்தார். "செத்தவங்க எப்படி அத்தை ஆடுவாங்க?"

"அதைத்தான் மாப்பிள்ளை நானும் கேக்கறேன்."

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நடுவுல கண்ணசந்துட்டீங்களா?" என்றாள் மகள், காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசும் குரலில்.

என்னோடு படத்துக்கு வந்த தையல்காரப் பெண்ணைச் சாட்சிக்கு அழைத்தேன். "கதையா? அதை யாரும்மா பாத்தா! அந்தச் சரிகைப் பாவாடை சுத்துன சுத்துல எனக்கே தலை சுத்திடுச்சு" என்றாள். மருமகன் உடனே தங்கள் நாளிதழை விரித்து உரக்கப் படித்தார்: "நெஞ்சை உருக்கும் தாய்ப்பாசக் கதை. நடிகர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்." அத்தோடு என் வழக்கு தோற்றது.

"பத்திரமா இருக்கட்டும் அத்தை" என்று, நான் தனியாக இருந்துவந்த என் வீட்டின் சாவியை மருமகன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இப்போது நான் அவர்கள் வீட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிறேன். வியாழக்கிழமை மறதி வைத்தியரிடம் அழைத்துப் போகிறார்களாம். அவர் தலையசைத்துவிட்டால் இந்த அறைதான் எனக்கு நிரந்தரம். வெளியே சிரிக்கிறேன். ஆனால் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள்களை முணுமுணுத்துப் பார்க்கிறேன். ஒரு சொல் தடுக்கினாலும் மறுபடி முதல் அடியிலிருந்து தொடங்குகிறேன். ஒருவேளை கதை இருந்து, நான்தான் அதைத் தவறவிட்டேனோ ஐயா?

அப்படியொரு கதை அந்தப் படத்தில் இல்லவே இல்லை என்று தாங்கள் எழுதித் தந்தால், அதை மருமகனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாவியைக் கேட்பேன். தொலைபேசி வேண்டாம், அதை எடுப்பது என் மகள்.

தங்கள் நாளிதழ் நீடூழி வாழட்டும். விமர்சகருக்கு மட்டும் நல்ல கண்ணாடி கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தூங்காத வாசகி

பி.கு.: தபால்தலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, எதற்கும் சரிபார்த்துவிடலாம் என்று அந்தப் படத்தின் காலைக் காட்சிக்குப் போய்வந்தேன். கடைசிப் பாட்டில் விளக்குகளெல்லாம் எரிந்து, திரை கொள்ளாமல் பாவாடைகள் ஒரே நேரத்தில் விரிந்தன. அப்பப்பா! நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மூன்றாவது வரிசையைப் பார்க்கவே மறந்துவிட்டேன். அந்தத் தாய் இறந்தாளா, இல்லையா என்பதைத் தயவுசெய்து வியாழனுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.